இல்லை என்பவரை எண்ணுவது

2011 மார்ச் மாதம் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வீடுவீடாக மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் படிவம் போய்ச் சேர்ந்தது. ‘உங்கள் மதம் என்ன?’ என்பது அதிலிருந்த கேள்விகளில் ஒன்று. அதே சமயத்தில் பிரிட்டிஷ் மனிதநேயர் சங்கம், யூகவ் என்ற கருத்துக்கணிப்பு நிறுவனத்தைக் கொண்டு ஒரு சோதனை செய்து பார்த்தது. படிவத்தில் இருந்த கேள்வியை ஒரு சொல்லும் மாற்றாமல் முதலில் கேட்டார்கள். 61 சதவீதம் பேர் ஏதோ ஒரு மதத்தைக் குறித்தார்கள். 39 சதவீதம் பேர் மதமில்லை என்றார்கள். பிறகு அதே ஆட்களிடம் ‘நீங்கள் மதப்பற்று உள்ளவரா?’ என்று கேட்டார்கள். ஆம் என்றவர்கள் 29 சதவீதம். இல்லை என்றவர்கள் 65 சதவீதம்.

ஆட்கள் மாறவில்லை, கேள்விதான் மாறியது. அதற்குள் மதமுள்ளவர்கள் பாதிக்கும் கீழாகக் குறைந்துவிட்டார்கள்.

முதல் கேள்வியைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். மாப்பிள்ளைக்கு எங்கே வேலை என்று ஒருவர் விசாரித்தால், வேலை இருக்கிறது என்று வைத்துக்கொண்டுதான் விசாரிக்கிறார். வேலை இல்லாதவர் அதற்குப் பதில் சொல்லும்போது ஒரு தயக்கத்தைத் தாண்டியாக வேண்டும். ‘உங்கள் மதம் என்ன?’ என்பதும் அப்படித்தான். உங்களுக்கு ஒரு மதம் உண்டு என்பதை முடிவு செய்துவிட்டு, பெயரை மட்டும் கேட்கிறது. இங்கிலாந்துப் படிவத்தில் அதற்குச் சற்று முன்னால் இனம் பற்றிய கேள்வி இருந்தது. பிறப்பை நினைத்துக்கொண்டே வந்தவர் மதத்தையும் பிறப்போடு சேர்த்துப் பதில் சொல்ல அது வழி செய்கிறது. ஞானஸ்நானம் ஆயிற்றே, பாட்டி தேவாலயத்துக்குப் போவாரே என்று கட்டத்தில் குறி போட்டுவிடுகிறார்.

இரண்டாவது கேள்வி மட்டும் சுத்தமானதா என்றால் அதுவும் இல்லை. மதப்பற்று என்ற சொல் கேட்பவர் காதில் கொஞ்சம் அதிகமாகவே ஒலிக்கும். ஞாயிறுதோறும் தேவாலயம் போகாத, ஆனால் இரவில் ஒரு நிமிடம் வேண்டிக்கொண்டு படுக்கும் ஒருவர், ‘அவ்வளவு பக்தியெல்லாம் எனக்கில்லை’ என்று நினைத்து இல்லை என்பார். கணிப்பு நடத்தச் சொன்ன சங்கத்துக்கும் விடையில் ஓர் அக்கறை இருந்தது. 61, 29 என்ற இரண்டில் எது உண்மை என்று என்னைக் கேட்டால் இரண்டையும் தனியாக எடுத்துக்கொள்ள மாட்டேன். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் அந்த 32 சதவீதத்தினர்தான் எனக்கு முக்கியமானவர்கள். அவர்களைப் படம்பிடிக்கும் கேள்வி இரண்டில் ஒன்றுகூட இல்லை.

அந்த ஆண்டின் கணக்கெடுப்பு முடிவில் இங்கிலாந்து, வேல்ஸ் இரண்டிலும் சேர்த்து மதமில்லை என்றவர்கள் 25.1 சதவீதம். அதே நாளில் நடந்த ஸ்காட்லாந்துக் கணக்கெடுப்பு, ‘எந்த மதத்தை, மதப்பிரிவை அல்லது மத அமைப்பைச் சேர்ந்தவர்?’ என்று கேட்டது. அங்கே மதமில்லை என்றவர்கள் 36.7 சதவீதம். இரு பகுதிகளின் வரலாறும் வேறு என்பதால் வித்தியாசம் முழுவதையும் கேள்வியின் தலையில் கட்ட முடியாது. ஆஸ்திரேலியாவில் 2016-ல் ‘மதமில்லை’ என்ற விடையைப் பட்டியலின் அடியிலிருந்து முதல் இடத்துக்குக் கொண்டுவந்தார்கள். 2011-ல் 22 சதவீதமாக இருந்தது 30 சதவீதமாயிற்று. அங்கேயும் மதம் விலகும் போக்கு முன்பே இருந்ததுதான். ஆனாலும் கடைசியில் தேடிப் பிடிக்க வேண்டிய விடையும் கண்ணில் முதலில் படும் விடையும் ஒன்றல்ல என்பது கேள்விப் படிவம் தயாரிக்கும் எவருக்கும் தெரியும்.

சரி, மதத்தை விட்டுவிட்டுக் கடவுளைப் பற்றியே நேராகக் கேட்டால் என்ன? அங்கேயும் கேட்கும் விதத்துக்கேற்ப விடை மாறுகிறது. அமெரிக்காவின் கேலப் நிறுவனம் 1944-லிருந்தே மக்களிடம் கடவுள் நம்பிக்கை உண்டா என்று கேட்டு வருகிறது. அன்று 96 சதவீதம் பேர் உண்டு என்றார்கள். 2016-ல் ‘கடவுளை நம்புகிறீர்களா?’ என்று ஆம், இல்லை என்ற இரு விடையோடு கேட்டபோது 89 சதவீதம் பேர் ஆம் என்றார்கள். அதே ஆண்டில் ‘நம்புகிறேன், உறுதியாகத் தெரியவில்லை, நம்பவில்லை’ என மூன்று விடை கொடுத்தபோது நம்புகிறேன் என்றவர்கள் 79 சதவீதமாகக் குறைந்தார்கள். உறுதியாகத் தெரியாதவருக்கு இடம் தராத படிவத்தில் அவர் ஆம் பக்கமே ஒதுங்குகிறார்.

பியூ ஆய்வு மையம் 2014-ல் நடத்திய பெரிய ஆய்வில் இன்னொரு புதிர் கிடைத்தது. தங்களை நாத்திகர் என்று சொல்லிக்கொண்ட அமெரிக்கர்கள் 3.1 சதவீதம். கடவுளோ பிரபஞ்ச சக்தியோ இருப்பதாக நம்பவில்லை என்றவர்களோ 9 சதவீதம். மூன்று பேர் கடவுள் இல்லை என்றால், அவர்களில் ஒருவர்தான் அந்தப் பெயரை ஏற்றுக்கொள்கிறார் என்று இதைத் தோராயமாகப் படிக்கலாம். அதற்குள் இன்னொரு திருப்பமும் இருந்தது: நாத்திகர் என்று சொல்லிக்கொண்டவர்களில் 8 சதவீதம் பேர் கடவுளையோ பிரபஞ்ச சக்தியையோ நம்புவதாகவும் சொன்னார்கள். அவர்கள் உளறுகிறார்கள் என்று தள்ளிவிடுவது எளிது. நிறுவன மதத்தின் மீது கோபம் கொண்டு அந்தப் பெயரைச் சூடிக்கொண்டவர் ஒருவர் இருக்கலாம். கடவுள் என்ற சொல்லுக்கு இயற்கை என்று பொருள் வைத்திருப்பவர் இன்னொருவர் இருக்கலாம். நம்பிக்கை ஒன்று, சேர்ந்திருக்கும் கூட்டம் ஒன்று, செய்யும் சடங்கு ஒன்று, தனக்குச் சூட்டிக்கொள்ளும் பெயர் இன்னொன்று. இந்த நான்கையும் ஒரே கேள்வியில் அடைக்க முயலும் படிவம் எவரையும் சரியாகக் காட்டாது. அப்படி அடைத்துக் கிடைத்த எண்ணை நாளிதழ்கள் ‘நாத்திகர்கள் இத்தனை சதவீதம்’ என்று தலைப்பிட்டுப் போடுகின்றன.

கேள்வியைச் சரியாக அமைத்துவிட்டாலும் இன்னொரு தடை இருக்கிறது. மனிதர்கள் உண்மையைச் சொல்லத் தயங்குவார்கள். பொது மத ஆய்வு நிறுவனம் 2014-ல் வெளியிட்ட ஒப்பீட்டில், வழிபாட்டுக்கு அரிதாகவே போகிறேன் அல்லது போவதே இல்லை என்று தொலைபேசியில் சொன்னவர்கள் 30 சதவீதம். இணையத்தில் தனியாக அமர்ந்து பதில் தட்டியவர்களில் 43 சதவீதம் பேர் அப்படிச் சொன்னார்கள். மறுமுனையில் ஒரு மனிதக் குரல் இருக்கிறது என்பதே 13 சதவீதப் புள்ளிகளை விழுங்கிவிட்டது. வழிபாட்டுக்குப் போகவில்லை என்று சொல்லவே இவ்வளவு தயக்கம் என்றால், கடவுளே இல்லை என்று சொல்ல எவ்வளவு தயக்கம் இருக்கும்?

கெண்டக்கி பல்கலைக்கழகத்தின் வில் ஜெர்வைஸ், மேக்சின் நாஜ்லே என்ற இரு உளவியலாளர்கள் இந்தத் தயக்கத்தைச் சுற்றிக்கொண்டு போக ஒரு வழியைக் கையாண்டார்கள். 2018-ல் வெளியான அவர்களுடைய ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தமானது. அதன் நுட்பமும் பிடிக்கும், தன் குறையைத் தானே சோதித்துக்கொண்ட நேர்மையும் பிடிக்கும். வழி இதுதான். உங்களிடம் ஒரு பட்டியல் தரப்படுகிறது. நான் சைவம். என் வீட்டில் நாய் இருக்கிறது. எனக்கு மோட்டார் சைக்கிள் ஓட்டத் தெரியும். இப்படி யாருக்கும் கூச்சம் தராத சில வரிகள். எந்த வரி உங்களுக்குப் பொருந்தும் என்று சொல்ல வேண்டாம், மொத்தம் எத்தனை பொருந்தும் என்று மட்டும் சொன்னால் போதும். நீங்கள் மூன்று என்கிறீர்கள். எந்த மூன்று என்று கேட்டவருக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள வழியும் இல்லை.

ஆயிரக்கணக்கானவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு இந்தப் பட்டியலைத் தருகிறார்கள். மறுபாதிக்கும் இதே பட்டியல்தான், கூடவே ஒரு வரி: ‘நான் கடவுளை நம்பவில்லை.’ குலுக்கிப் பிரித்ததால் நாய் வளர்ப்பவர்களும் சைவர்களும் இரு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவில் இருப்பார்கள். முதல் பக்கத்தின் சராசரி 3.00, இரண்டாம் பக்கத்தின் சராசரி 3.26 என்று உதாரணத்துக்கு வைத்துக்கொள்வோம். கூடுதலாக வந்த 0.26 எங்கிருந்து வந்திருக்கும்? அந்தக் கூடுதல் வரியிலிருந்துதான். அதாவது நூற்றுக்கு 26 பேர் அதைத் தங்களுக்குப் பொருந்தும் என்று எண்ணியிருக்கிறார்கள். தனி ஒருவரின் ரகசியம் எங்கேயும் வெளிப்படாமல் கூட்டத்தின் உண்மை வெளியே வருகிறது. முதன்முறை இதைப் படித்தபோது வெகுநேரம் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பட்டியலைத் தயாரிப்பதில் கவனம் வேண்டும். எல்லோருக்கும் பொருந்தும் வரிகளாகவே போட்டால் ஒருவர் ‘எல்லாமே பொருந்தும்’ என்று சொல்ல நேரும், ரகசியம் உடைந்துவிடும். ஒன்றுகூடப் பொருந்தாத வரிகளாகப் போட்டாலும் அதே ஆபத்து. ஒரு வரி பொருந்தினால் இன்னொரு வரி பொருந்தாத மாதிரி கலந்து வைக்க வேண்டும். இந்த முறைக்கு ஒரு விலையும் உண்டு. நேரடிக் கேள்வியில் ஆயிரம் பேரிடம் கிடைக்கும் துல்லியம் இதில் கிடைக்காது. நாயும் மோட்டார் சைக்கிளும் கொண்டுவரும் ஏற்ற இறக்கம் விடையின் மேல் படிந்துவிடுகிறது. அதனால்தான் அவர்கள் தலா 2,000 அமெரிக்கர்கள் கொண்ட இரு மாதிரிகளை எடுத்தார்கள்.

அவர்கள் கணித்த எண் 26 சதவீதம். அதே காலத்தில் நேரடியாகக் கேட்டவர்களுக்குக் கிடைத்த எண்கள் 3-லிருந்து 11 வரை. ஆனால் அவர்கள் இன்னொன்றும் செய்தார்கள். இரண்டும் இரண்டும் பதின்மூன்றைவிடக் குறைவு என்பதை நான் நம்பவில்லை என்று பொருள்படும் ஓர் அபத்த வரியையும் இதே முறையில் சோதித்தார்கள். சுழியம் வர வேண்டிய இடத்தில் கணிசமானோர் அதையும் ‘பொருந்தும்’ கணக்கில் சேர்த்திருந்தார்கள். ‘இல்லை’, ‘குறைவு’ என்று எதிர்மறைகள் அடுக்கிவரும் வாக்கியம் அவசரமாகப் படிப்பவரைத் தடுக்கி விழ வைக்கிறது என்றுதான் இதை நான் புரிந்துகொள்கிறேன். ஆகவே 26 என்பதைக் கல்வெட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது. நேரடிக் கேள்வி பலரைத் தவறவிடுகிறது என்பதில் மட்டும் எனக்குச் சந்தேகமில்லை.

இதுவரை பார்த்தது நாத்திகரையே கேட்கும் கேள்விகள். அவரைப் பற்றி மற்றவர்களைக் கேட்கும் கேள்விகளில்தான் அநியாயம் இன்னும் சுலபமாக நுழைகிறது.

1954-ல் ஹார்வர்டு சமூகவியலாளர் சாமுவேல் ஸ்டூஃபர் அமெரிக்கர்களின் சகிப்புத்தன்மையை அளக்க முற்பட்டார். தேவாலயங்களுக்கும் மதத்துக்கும் எதிரான ஒருவர் உங்கள் ஊரில் கூட்டம் போட்டுப் பேச அனுமதிக்கலாமா என்பது அவருடைய கேள்வி. அனுமதிக்கலாம் என்றவர்கள் 37 சதவீதம்தான். நல்ல நோக்கத்தோடு, சுதந்திரத்தின் பக்கம் நின்று எழுதப்பட்ட கேள்வி அது. ஆனாலும் நம்பாதவர் வேறு, எதிர்ப்பவர் வேறு. கேள்வியில் வந்து நின்றவர் எதிர்ப்பவர் மட்டுமே. பழைய எண்ணோடு ஒப்பிட வேண்டும் என்பதால் 1972-லிருந்து நடந்துவரும் பொதுச் சமூகக் கணிப்பிலும் இந்த வாசகமே தொடர்ந்தது. அளவுகோலை மாற்றினால் ஒப்பீடு போய்விடும், மாற்றாவிட்டால் கோணல் தங்கிவிடும். ஆய்வாளர்களுக்கு இது உண்மையான தர்மசங்கடம். கேலப் 1958-லிருந்து கேட்டுவரும் கேள்வி இதைவிட நேர்மையானது: உங்கள் கட்சி தகுதியுள்ள ஒருவரை அதிபர் வேட்பாளராக நிறுத்தி, அவர் நாத்திகராக இருந்தால் வாக்களிப்பீர்களா? தகுதியைச் சமப்படுத்திவிட்டு ஒரே ஒரு அம்சத்தை மட்டும் மாற்றுகிறது. 1958-ல் 18 சதவீதம் பேர் ஆம் என்றார்கள், 2019-ல் 60 சதவீதம்.

மினசோட்டா பல்கலைக்கழகத்தின் பென்னி எட்ஜெல்லும் அவருடைய இரு சகாக்களும் 2006-ல் வெளியிட்ட ஆய்வு இந்தத் துறையில் பெரிதும் பேசப்பட்டது. அமெரிக்கச் சமூகம் பற்றிய என் கனவோடு இந்தப் பிரிவினர் சற்றும் ஒத்துப்போவதில்லை என்று எவரைக் குறித்துச் சொல்வீர்கள் என்று கேட்டார்கள். நாத்திகர்களைச் சொன்னவர்கள் சுமார் 40 சதவீதம். அடுத்த இடத்தில் முஸ்லிம்கள், 26 சதவீதம். தன் பிள்ளை நாத்திகரை மணப்பதை ஏற்க மாட்டேன் என்றவர்கள் சுமார் 48 சதவீதம். எண்களைவிட, பின்னர் நடந்த நேர்காணல்கள்தான் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தன. நாத்திகர் என்றதும் சிலர் போதைப் பழக்கம், குற்றம் என்று சமூகத்தின் அடித்தட்டில் ஒருவரைக் கற்பனை செய்துகொண்டார்கள். வேறு சிலர் எவரையும் மதிக்காத பணக்கார மேட்டுக்குடியினரைக் கற்பனை செய்துகொண்டார்கள். ஒரே கேள்விக்கு ஒரே விடை சொன்ன இருவர் மனத்தில் இருந்த ஆட்கள் வேறு வேறு. பலருக்கு அந்தச் சொல் தங்களுக்குத் தெரிந்த ஒரு மனிதரைக் குறிக்கவே இல்லை.

அந்தக் கற்பனை உருவத்தின் அடியில் என்ன இருக்கிறது என்று தோண்டியவர்களில் ஜெர்வைஸ் மீண்டும் வருகிறார். 2011-ல் அவரும் அசிம் ஷரீஃப், ஆரா நோரென்சயான் என்ற இருவரும் ஒரு சிறு கதையைச் சொன்னார்கள். ஒருவன் நின்றிருந்த வண்டியை இடித்துவிட்டு, பார்ப்பவர்களுக்காகக் காப்பீட்டு விவரம் எழுதிவைப்பது போல் பாவனை செய்துவிட்டு நழுவுகிறான். வழியில் கிடைத்த பணப்பையிலிருந்து பணத்தையும் எடுத்துக்கொள்கிறான். அவன் ஆசிரியராக இருக்க வாய்ப்பு அதிகமா, அல்லது ஆசிரியராகவும் நாத்திகராகவும் இருக்க வாய்ப்பு அதிகமா? ஆசிரியர்கள் எல்லோருக்குள்ளும் நாத்திக ஆசிரியர்கள் அடக்கம் என்பதால் இரண்டாவது ஒருபோதும் அதிகமாக இருக்க முடியாது. ஆனாலும் பலர் அதைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். அந்த இடத்தில் கிறித்தவர், முஸ்லிம் என்று போட்டபோது இந்தப் பிழை வெகுவாகக் குறைந்தது. பாலியல் வன்கொடுமையாளர் என்று போட்டபோதுதான் நாத்திகருக்கு வந்த அளவுக்குப் பிழை வந்தது. ‘நாத்திகரை நம்புவீர்களா?’ என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நாகரிகமான பதில்கள் வந்திருக்கும். 13 நாடுகளில் 3,256 பேரிடம் இதே வழியில் செய்து 2017-ல் வெளியான ஆய்வில், நாத்திகர்களே நாத்திகர் மீது இந்த ஐயத்தைக் காட்டியது எனக்கு வேதனையான செய்தி.

இவ்வளவு ஐயத்துக்கு நடுவே வாழ்பவர்கள் இணையத்தில் ஒன்றுகூடுவது இயல்பு. வீட்டில் சொல்ல முடியாததைத் திரைக்கு அப்பால் இருக்கும் முகமறியா நண்பரிடம் சொல்லலாம். அந்தக் குழுக்களை ஆராயப் போகிறவர் முதலில் மறக்க வேண்டியது உறுப்பினர் எண்ணிக்கையை. ரெட்டிட் தளத்தின் நாத்திகக் குழு 2013 ஜூலை வரை புதிதாகக் கணக்குத் தொடங்கும் எல்லோருக்கும் தானாகவே சேர்த்துத் தரப்பட்ட குழுக்களில் ஒன்று. அந்த உறுப்பினர் எண்ணிக்கை எதையும் சொல்லாது. அடுத்து, எந்த இணையக் குழுவிலும் எழுதுபவர் சிலர், படித்துவிட்டுப் பேசாமல் போகிறவர் பலர். பதிவுகளை மட்டும் படித்து ‘நாத்திகர்கள் கோபக்காரர்கள்’ என்று முடிவு கட்டுவது, தேநீர்க்கடையில் உரக்கப் பேசும் இருவரைப் பார்த்து ஊரை எடைபோடுவது போன்றது.

சட்டனூகாவில் உள்ள டென்னஸி பல்கலைக்கழகத்தின் கிறிஸ்டோபர் சில்வர், தாமஸ் கோல்மன் இருவரும் இதைச் சரியான வரிசையில் செய்தார்கள் என்பேன். முதலில் 59 பேரிடம் உட்கார்ந்து பேசி, அவர்கள் தங்களை எப்படி விவரிக்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டார்கள். அந்தச் சொற்களிலிருந்து ஆறு வகைகளை வகுத்து, அதன் பிறகே 1,153 பேருக்குப் படிவம் அனுப்பினார்கள். அறிவுத் தேடலில் மகிழ்பவர், சமூகச் செயல்பாட்டில் இறங்குபவர், இன்னும் தேடிக்கொண்டிருப்பவர், மதத்தைக் கடுமையாக எதிர்ப்பவர், மதம் பற்றி நினைப்பதே இல்லாதவர், நம்பிக்கை இல்லாவிட்டாலும் சடங்கின் அழகுக்காக அதில் கலந்துகொள்பவர். பொதுமக்கள் மனத்தில் நாத்திகர் என்றால் நான்காமவர்தான். அந்த மாதிரியில் அவர்கள் ஏழில் ஒருவர் அளவே. விரும்பி முன்வந்தவர்களிடம் எடுத்த மாதிரி என்பதால் இந்த விகிதத்தை நாட்டுக்கே பொருத்தக் கூடாது. வகைகள் இருக்கின்றன என்பதை மறுக்கவும் முடியாது.

விரும்பி முன்வருவோரின் மாதிரி எவ்வளவு பெரிதானாலும் அந்தக் குறை போகாது. அதே சமயம் சில நாடுகளில் அந்த வழியை விட்டால் வேறு வழியே இல்லை. ஈரானில் அரசுக் கணக்குப்படி 99 சதவீதத்துக்கும் மேல் முஸ்லிம்கள். 2020-ல் நெதர்லாந்தில் பணிபுரியும் அம்மார் மாலேகியும் பூயான் தமீமி அரபும் டெலிகிராம், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் வழியாகப் பெயர் கேட்காத படிவம் ஒன்றைப் பரப்பினார்கள். ஈரானுக்குள்ளிருந்து சுமார் 40,000 விடைகள் வந்தன. 78 சதவீதம் பேர் கடவுளை நம்புவதாகச் சொன்னார்கள். தங்களை முஸ்லிம் என்று சொன்னவர்களோ 40 சதவீதம் அளவே. நாத்திகர் சுமார் 9, எதுவும் இல்லை என்றவர்கள் 22. சுமார் 8 சதவீதம் பேர் தங்களை ஜொராஸ்டிரியர் என்றார்கள். அங்கே உண்மையான ஜொராஸ்டிரியர் சில பத்தாயிரம் பேர்தான்! ஆட்சி திணிக்கும் மதத்துக்கு எதிராகத் தங்கள் தொன்மையை அந்தக் கட்டத்தில் பதிவு செய்தார்கள் என்றே நான் படிக்கிறேன். இணையம் எட்டாதவர்களின் குரல் அதில் குறைவு என்பதை ஒப்புக்கொண்டுதான் இந்த எண்களைக் கையாள வேண்டும். அரசு அலுவலர் கதவைத் தட்டிக் கேட்டு வாங்கிய 99-ஐவிட எனக்கு இவை பெறுமானம் உள்ளவை.

இப்படிப் பதில் சொல்பவர் உயிரைப் பணயம் வைக்கிறார் என்பதை ஆய்வாளர் ஒரு நொடியும் மறக்கக் கூடாது. முக்தோ மோனா என்ற வங்காள இணைய இதழைத் தொடங்கிய நாத்திகர் அவிஜித் ராய் 2015 பிப்ரவரி 26 அன்று டாக்காவில் புத்தகக் கண்காட்சியிலிருந்து திரும்பும் வழியில் வெட்டிக் கொல்லப்பட்டார். 2017 மார்ச்சில் கோவையில், சமூக ஊடகத்தில் கடவுள் மறுப்புக் கருத்துகளைப் பகிர்ந்துவந்த இளைஞர் கொல்லப்பட்டார். பெயரை மட்டும் விட்டுவிட்டால் பாதுகாப்பு வந்துவிடாது. வயது, பாலினம், தொழில், சிறிய ஊர் நான்கையும் சேர்த்தால் ஓர் ஆளைக் கண்டுபிடித்துவிடலாம். தேவையில்லாத விவரத்தைக் கேட்காமல் விடுவதும், கணினியின் ஐ.பி. முகவரியைச் சேமிக்காமல் விடுவதும் நேர்மையான கேள்விப் படிவத்தின் உறுப்புகள்.

இனி நம் மொழிக்கு வருவோம். நாத்திகர் பற்றித் தமிழில் ஒரு படிவம் எழுத வேண்டும் என்றால் முதல் சொல்லிலேயே கால் இடறும். நாத்திகம் என்ற சொல் பழைய தத்துவ வழக்கில் வேதத்தை ஏற்காமையைக் குறித்தது. படைத்த கடவுள் ஒருவரை வைக்காத சாங்கியமும் மீமாம்சையும் ஆத்திகத்தில் சேர்ந்தன. சமணமும் பௌத்தமும் நாத்திகம் ஆயின. இன்றைய தமிழ்நாட்டில் அதே சொல் கருப்புச் சட்டையையும் 1925-ல் தொடங்கிய சுயமரியாதை இயக்கத்தையும் நினைவுபடுத்துகிறது. கடவுளை நம்பாத, எந்த இயக்கத்திலும் இல்லாத ஒரு வங்கி ஊழியர் அந்தக் கட்டத்தில் குறி போடத் தயங்குவார். கடவுள் மறுப்பாளர் என்றால் மறுப்பது ஒரு செயல். மறுக்கவும் மெனக்கெடாமல் சும்மா நம்பாமல் இருப்பவர் அதில் இல்லை. பகுத்தறிவாளர் என்று போட்டால் படிவம் எதிர்ப்பக்கம் சாய்கிறது; நீங்கள் அறிவோடு யோசிப்பவரா என்று கேட்டால் இல்லை என்று யார் சொல்வார்? கடவுள் என்ற சொல்லும் லேசானதல்ல. கடவுள் உண்டா என்றால் தெரியவில்லை என்பவர், குலசாமிக்குப் பொங்கல் வைக்கும் நாளில் எந்த ஊரில் இருந்தாலும் வந்து நிற்பார்.

பெயரை முதலில் கேட்கக் கூடாது என்பது என் கட்சி. ‘கடவுள் அல்லது அதுபோன்ற ஒரு சக்தி இருப்பதாக நினைக்கிறீர்களா, இல்லை என்று நினைக்கிறீர்களா, உறுதியாகச் சொல்ல முடியவில்லையா?’ என்று தொடங்கலாம். கடந்த ஓராண்டில் என்னென்ன வழிபாடுகளில் கலந்துகொண்டார் என்பதைத் தனியாகவும், குடும்பம் எந்த மதத்தது என்பதைத் தனியாகவும் கேட்கலாம். கடைசியில், இந்தப் பெயர்களில் எதையேனும் உங்களுக்குப் பொருத்தமாக நினைக்கிறீர்களா என்று பட்டியல் தந்து, எதுவுமில்லை என்ற விடையையும் தரலாம். ‘எப்போது கடவுள் நம்பிக்கையை இழந்தீர்கள்?’ என்று ஒருபோதும் கேட்கக் கூடாது. இழப்பது என்றால் நல்லதொன்று கைவிட்டுப் போனது என்று பொருள். அந்த நம்பிக்கை ஒருநாளும் இருந்திராதவருக்கு அந்தக் கேள்வியில் இடமும் இல்லை. ‘இணைய நாத்திகக் குழுக்களில் காணப்படும் கேலியும் வெறுப்பும் சமூகத்தைப் பாதிக்கிறதா?’ என்பது அதைவிட மோசம். கேலி, வெறுப்பு என்ற இரண்டும் இருப்பதாகத் தீர்ப்பு எழுதிவிட்டு, விளைவை மட்டும் விசாரிக்கிறது. கடந்த ஏழு நாளில் அந்தக் குழுவில் எத்தனை முறை எழுதினீர்கள், கடைசியாக எழுதியது எதைப் பற்றி என்று கேட்டால் பதில் சொல்பவரும் திணற மாட்டார், படிப்பவரும் ஏமாற மாட்டார். எழுதி முடித்ததும் நாத்திகர் என்ற சொல்லை எடுத்துவிட்டு பக்தர் என்று போட்டு உரக்கப் படித்துப் பாருங்கள். பக்தரிடம் கேட்கக் கூசும் கேள்வியை நாத்திகரிடமும் கேட்கக் கூடாது.

பியூ மையம் 2019 இறுதியிலும் 2020 தொடக்கத்திலும் இந்தியாவில் 17 மொழிகளில் ஏறத்தாழ 30,000 பேரிடம் பேசியபோது 97 சதவீதம் பேர் கடவுளை நம்புவதாகச் சொன்னார்கள். அதே ஆய்வில், கடவுளை நம்பாதவர் இந்துவாக இருக்க முடியாது என்ற இந்துக்கள் 49 சதவீதம்தான். ஏறக்குறைய பாதிப் பேர் அந்த வரையறையை ஏற்கவில்லை. அப்படியானால் இந்து என்று பதிந்தவர் எல்லோரும் நம்புபவர் என்று எந்தக் கணக்கும் சொல்ல முடியாது.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்தியா முழுவதும் நாத்திகர் என்று பதிவானவர்கள் 33,304 பேர். ஏழு கோடிக்கு மேல் மக்கள் வாழும், ஒரு நூற்றாண்டாகக் கடவுள் மறுப்பு மேடைகளைக் கண்ட தமிழ்நாட்டில் 1,297 பேர்! படிவத்தில் ஆறு மதங்களுக்கு மட்டுமே எண் இருந்தது. மற்றவர்கள் எழுதச் சொல்லி வாங்க வேண்டும். மதத்தை மாற்றிச் சொன்னால் பிள்ளையின் சாதிச் சான்றிதழில் சிக்கல் வருமோ என்ற அச்சமும் பல வீடுகளில் உண்டு. பட்டியல் சாதி என்ற தகுதியை 1950-ம் ஆண்டு ஆணை குறிப்பிட்ட மதங்களோடு பிணைத்திருப்பது அதற்குக் காரணம். இவற்றைவிடச் சாதாரணமான காரணம் ஒன்றும் இருக்கிறது. கணக்கெடுக்க வருபவர் வீட்டில் ஒருவரிடம்தான் கேட்கிறார். “எல்லாரும் இந்துதானே சார்?” என்று அவர் கேட்க, “ஆமாங்க” என்று அப்பா சொல்ல, உள்ளறையில் இருக்கும் மகளுடைய விடையும் அதோடு எழுதப்பட்டுவிடுகிறது. கேள்வி அவளிடம் போய்ச் சேரவே இல்லை.

அடுத்த கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1 அடிப்படை நாள் என்று அறிவித்திருக்கிறார்கள். உங்கள் வீட்டு வாசலுக்குக் கணக்கெடுப்பாளர் வரும்போது பதில் சொல்பவர் நீங்களாக இருந்தால், மதம் என்ற கேள்வி வந்ததும் ஒரு நிமிடம் பொறுக்கச் சொல்லுங்கள். உள்ளே போய் ஒவ்வொருவரிடமும் கேளுங்கள். அவர்கள் சொன்னதை, அவர்கள் சொன்னபடியே எழுதச் சொல்லுங்கள்.